அடைப்பு இல்லை

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பகல் சாப்பாடு என்றால் லோடுமேன்களுக்கும் டிரெய்லர் டிரைவர்களுக்கும் தாயம்மா கடைதான். கடை என்றால் கட்டடம் ஒன்றும் இல்லை. தகடு வெட்டும் யார்டு ஒன்றின் சுற்றுச்சுவரை ஒட்டி நாலு பக்கமும் கம்பி நட்டு, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கும். இரண்டு கேஸ் அடுப்பு, ஒரு நீள பெஞ்சு, கை கழுவ ஒரு டிரம். காலையில் எம்.கே.பி. நகரிலிருந்து புருஷன் நீலமேகத்தின் டி.வி.எஸ். வண்டியில் அரிசி மூட்டைக்கும் காய்கறிப் பைக்கும் நடுவில் உட்கார்ந்து வந்து இறங்குவாள். அவளை இறக்கிவிட்டு அவன் அடுத்த தெரு யார்டில் கிரேன் ஓட்டப் போய்விடுவான்.

மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் அங்கே கெமிக்கல் வாடை வரும். கடல் பக்கமிருந்து அடித்தால் உப்பு. காற்றே இல்லாத நாளில் கிரைண்டர் சக்கரத்தில் தேயும் இரும்பின் கருகல் நெடி தொண்டையில் நிற்கும். தாயம்மாவின் கருவாட்டுக் குழம்பு கொதி வந்துவிட்டால் மற்ற எல்லாம் அடங்கிப் போகும் என்பார் சௌக்கத் அலி. பக்கத்தில் பழைய போல்ட்டு, நட்டு விற்கிறவர், தண்டையார்பேட்டைக்காரர். வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு வந்துவிடும். ஆனாலும் குழம்புக்கு மட்டும் ஒரு கிண்ணத்தோடு வந்து நிற்பார்.

அது கத்திரி வெயில் காலம். அடுக்கி வைத்த தகடுகளில் கை வைக்க முடியாது. தாயம்மா சோற்று அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது உடம்பில் என்னவோ ஆயிற்று. அண்டாவைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். வியர்வை ஊற்றியது. வெயிலில் வருகிற வியர்வை இல்லை என்று அவளுக்கே தெரிந்தது, சில்லென்று இருந்தது. சாப்பிட வந்த நீலமேகம் கையைக் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"இன்னா தாயி, குந்திகினு கீற?"

"ஒரு மாதிரி கீதுய்யா."

"இன்னா மாதிரி?"

"தாடைய புட்ச்சு இஸ்துகினு போவுது. முதுகுல யாரோ கல்ல வச்சு அமுக்குனா மாதிரி கீது."

"நெஞ்சு நோவுதா?"

"நெஞ்சு இல்ல. ஆனா இன்னாமோ கீது."

"அப்போ கேஸுதான். காலைலருந்து வெறும் டீயா ஊத்திகினா இன்னா ஆவும்? இரு."

எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் பிழிந்து சோடா வாங்கிவந்தான். அவள் குடித்தாள். ஏப்பம் வந்தது. "பாத்தியா" என்றான் அவன். வரிசையில் தட்டோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் எழுந்து சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ரசம் கேட்டவர்களுக்கு ரசம் ஊற்றினாள். கூட்டம் குறைந்த பிறகு டிரம் பக்கம் போய் வாந்தியெடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிண்ணத்தோடு வந்த சௌக்கத் அலி அவள் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை பெஞ்சில் வைத்தார்.

"நீலமேகம், இது சரியில்ல. வண்டிய எடுக்குறேன், தூக்கு."

"கேஸு பாய்…"

"ஆஸ்பத்திரில வந்து சொல்லு."

அவருடைய குட்டியானை லோடு வண்டியில் முன்சீட்டில் தாயம்மாவையும், பின்னால் இரும்புச் சாமான்களுக்கு நடுவில் நீலமேகத்தையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

ஈ.சி.ஜி.யில் கோடு மாறியிருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் இருதயம் அடிபட்டதற்கான அடையாளம் இருந்தது. அட்மிட் செய்தார்கள். மறுநாள் கை மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டர், "ரத்தக்குழாய்ல பெரிய அடைப்பு எதுவும் இல்ல. மாத்திரைய நிறுத்தாம போடணும். ரிவ்யூக்குக் கண்டிப்பா வரணும்" என்றார். நீலமேகத்தின் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. வராந்தாவில் இருந்த யார் யாரிடமோ போய், "அடைப்பு இல்லியாம், அடைப்பு இல்லியாம்" என்று சொன்னான். மகள் ஷாலு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் போனில் அழ ஆரம்பித்ததும், "இன்னாத்துக்கு அழுவுற? உங்கம்மாக்கு ஒண்ணும் இல்ல. கேஸு" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே அவனும் அழுதான்.

வீட்டுக்கு வந்தார்கள். குடியிருப்பில் அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தது, ஓடாது. முன்பெல்லாம் இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிறவள் இப்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்தாள். ஏறிப் போகிறவர்களும் இறங்கி வருகிறவர்களும் நின்று விசாரித்தார்கள்.

"இன்னாக்கா, இன்னும் சரியாவலியா? அடைப்பே இல்லன்னாங்களே?"

"இல்லதான்" என்பாள் தாயம்மா.

முதலில் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. அடைப்பு இல்லை என்றால் பிறகு எதற்கு உட்கார வேண்டும்? நீலமேகத்தின் அக்கா பார்க்க வந்தாள். ஆப்பிளும் பிரெட்டும் வைத்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தாள். போகும்போது தம்பியிடம் வாசலில் நின்று, "எல்லாம் மனசுல கீற பயம்டா. ஒக்காந்து பழகிட்டா அப்பால எய்ந்துக்க மாட்டா. கடைக்கு இட்டுகினு போ, தானா சரியாயிடும்" என்றாள். உள்ளே படுத்திருந்த தாயம்மாவுக்கு ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது.

நீலமேகம் கெட்டவன் இல்லை. அவள் படுத்திருப்பதைப் பார்க்க அவனால் முடியவில்லை. அவ்வளவுதான். காலையில் அவனே டீ போட்டுக் கொடுத்து, "வா தாயி, சும்மா வந்து குந்து. உன்ன பாத்தாதான் பசங்களுக்கு சோறு எறங்குமாம்" என்று கூப்பிட்டான். அவள் போனாள். அண்டாவைத் தூக்கினாள். கண்ணில் பூச்சி பறந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் நடிக்கிறேனோ என்று ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். மாத்திரைகளைப் போடுவதும் குறைந்தது. நோயே இல்லாதவளுக்கு மாத்திரை எதற்கு?

அட்டையில் மாத்திரைகள் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு ஷாலுதான் சத்தம் போட்டாள்.

"இன்னாமா இது? மருந்துக்கடைல வேல பாக்குற பொண்ண வச்சிகினு மாத்திரை போடாம கீற? ரிவ்யூ போன வாரமே போயிருக்கணும். நாளைக்கு நான் லீவு. கெளம்பு."

"நானும் வரேன்" என்றான் நீலமேகம்.

"நீ வந்து கேஸுன்னு சொல்லாம இருந்தா வா நைனா."

ஆஸ்பத்திரியில் அன்று இருந்தவர் உமைமா என்ற இளம் டாக்டர். வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். கூட்டம் வெளியே வழிந்துகொண்டிருந்தாலும் தாயம்மா பேசி முடிக்கும்வரை பேனாவை எடுக்கவில்லை. தாயம்மா படி ஏறுவதைச் சொன்னாள், அண்டாவைச் சொன்னாள். கடைசியில், "ஆனா அடைப்பு இல்லன்ட்டாங்க" என்று தானே முடித்தாள்.

"குழாய்ல அடைப்பு இல்லம்மா. அது நிஜம்தான்" என்றார் டாக்டர். "குழாய் எதுக்கு இருக்கு? சதைக்கு ரத்தம் கொண்டுபோக. ஆஞ்சியோல தெரியுறது குழாய். சதை எப்படி இருக்குன்னு அதுல தெரியாது. அன்னிக்கு உங்க ரத்தத்துல சதை அடிபட்ட அறிகுறி இருந்துச்சு. எங்க அடிபட்டுச்சு, எவ்வளவு அடிபட்டுச்சுன்னு பாக்கணும். எம்.ஆர்.ஐ. எடுப்போம்."

"எம்.ஆர்.ஐ. தலைக்குத்தானே எடுப்பாங்க?" என்றான் நீலமேகம்.

"இதயத்துக்கும் எடுக்கலாங்க. கையில ஒரு மருந்து ஏத்துவோம். செத்துப்போன சதை அந்த மருந்தைப் புடிச்சு வச்சுக்கும், படத்துல வெள்ளையா தெரியும். உயிரோட இருக்கற சதை கறுப்பா தெரியும்."

செத்துப்போன என்ற சொல்லுக்கு நீலமேகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

நாள் குறித்துக் கொடுத்தார்கள். நர்ஸ் வரிசையாகக் கேள்விகள் கேட்டாள். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் ஸ்டீல் பிளேட்டு உண்டா, இரும்புத்தூள் பறக்கிற இடத்தில் வேலை செய்ததுண்டா, கண்ணில் எப்போதாவது விழுந்ததா? கடைசிக் கேள்விக்குத் தாயம்மா, "எங்க கடையே இரும்புத்தூள்லதாம்மா கீது" என்றாள். கிரைண்டரிலிருந்து பொறி பறந்து ஒருமுறை கண்ணில் விழுந்து கண் வீங்கியதையும் சொன்னாள். எம்.ஆர்.ஐ. மிஷினில் இருக்கிற பெரிய காந்தம் கண்ணுக்குள் இருக்கிற சின்னத் துணுக்கைக்கூட இழுத்து நகர்த்திவிடுமாம். முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். துணுக்கு ஒன்றும் இல்லை.

நகைகளையெல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். மெட்டி சோப்பு நுரையில் வழுக்கிக்கொண்டு வந்தது. தாலிச் சரடைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். மூக்குத்திதான் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பே போட்டது. திருகு மூக்குச் சதையோடு ஒட்டிப் போயிருந்தது. ஷாலு முயன்று பார்த்துவிட்டு, "என்னால முடியாது நைனா" என்று எழுந்துவிட்டாள். நீலமேகம் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு, சாயங்கால வெளிச்சம் விழும்படி அவளை வாசலைப் பார்த்து உட்கார வைத்தான். அவனுடைய விரல்கள் கிரேன் லீவரைப் பிடித்துத் தடித்துப் போனவை.

"மூக்க பேத்துகினு வந்துராதய்யா."

"கம்முனு இரு. ஆடாத."

எண்ணெய் விட்டான், பொறுத்தான், திருகினான். மறுபடி எண்ணெய். மூச்சை அடக்கிக்கொண்டு அவ்வளவு மெதுவாக அவன் எதையும் செய்து ஷாலு பார்த்ததில்லை. திருகு கடைசியில் கழன்று வந்தது. தாயம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, வேற யாரோ மாதிரி கீறேன்."

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே மூக்குத்தியோடதான் பாத்தேன்" என்றான் நீலமேகம். "இன்னிக்குதான் மொத மொதல்ல உன் மூக்க பாக்குறேன்."

"எப்டி கீது?"

"மூக்கு மாதிரி கீது."

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனும் சிரித்தான்.

எம்.ஆர்.ஐ. அறை குளிர்ந்து கிடந்தது. டெக்னீஷியன் ஜேக்கப் ராயபுரத்துக்காரர். தாயம்மாவைப் படுக்க வைத்து, நெஞ்சின்மேல் ஒரு பட்டையைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டினார். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்.

"நான் சொல்லும்போது மூச்ச உட்டுட்டு அப்டியே நிறுத்தணும். திரும்ப சொன்னா மூச்சு வாங்கிக்கலாம். ரொம்ப கஷ்டமா இருந்தா இந்த பந்த அமுக்குங்க, வந்துருவேன். சத்தம் பயங்கரமா இருக்கும், பயப்படாதீங்க."

படுக்கை உள்ளே நகர்ந்தது. சத்தத்துக்கு அவள் பயப்படவில்லை. தகட்டில் சம்மட்டி அடிக்கிற யார்டுக்குப் பக்கத்தில் சமைக்கிறவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. மூச்சை நிறுத்துவதுதான் சிரமமாக இருந்தது. நிறுத்தச் சொன்னபோதெல்லாம் நிறுத்தினாள். கையில் மருந்து ஏறியபோது நரம்பு குளிர்ந்தது. அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் அவள் பந்தை அமுக்கினாள்.

ஜேக்கப் ஓடி வந்து படுக்கையை வெளியே இழுத்தார்.

"இன்னாமா, நெஞ்சு நோவுதா?"

"இல்லப்பா. எனக்கு இது வேணாம். வூட்டுக்குப் போறேன்."

"பயமா இருக்கா?"

"இதுக்குள்ள கீறது பயமில்ல." அவள் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இதுலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா?"

ஜேக்கபுக்குப் புரியவில்லை. "ஒண்ணும் இல்லன்னா நல்லதுதானமா?"

"உனக்கு நல்லது. எங்க வூட்ல எல்லாருக்கும் நல்லது. அப்பால இந்த அசதிய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? எம்மாம் பெரிய மிஷின்ல பாத்தும் ஒண்ணும் இல்லன்னுட்டா, நான் பொய் சொல்றவதானே?"

ஜேக்கப் நெஞ்சுப் பட்டை நழுவியிருந்ததைச் சரிசெய்தார்.

"எங்கம்மாவும் இப்டித்தான் சொல்லிகினு இருந்தாங்க" என்றார். "நாங்க யாரும் இட்டுகினு போய் பாக்கல. நீங்க இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. மருந்து உள்ள போயிடுச்சு, இனிமேதான் முக்கியமான படம். எது வந்தாலும் தெரிஞ்சிக்கலாமா?"

தாயம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பந்தை மறுபடி கையில் வாங்கிக்கொண்டாள்.

ரிசல்ட்டுக்கு மூவரும் போனார்கள். டாக்டர் உமைமா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். இதயத்தைக் குறுக்கே வெட்டியது போன்ற படம். கறுப்பாக ஒரு வளையம். அதன் ஒரு ஓரத்தில், உள்பக்கமாக, நகத்தால் கீறியது போல வெள்ளையாக ஒரு இடம்.

"இது உங்க இதயம். கறுப்பா இருக்கறதெல்லாம் நல்ல சதை. இந்த வெள்ளை இருக்கு பாருங்க, இந்த இடம் ரத்தம் கிடைக்காம செத்துப்போன சதை. தழும்பு மாதிரி. உங்களுக்கு வந்தது ஹார்ட் அட்டாக்தான்மா."

தாயம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஷாலு அவள் தோளைப் பிடித்தாள்.

"அடைப்பு இல்லன்னாங்களே?" நீலமேகத்தின் குரல் தேய்ந்து வந்தது.

"குழாய்ல ஒரு ரத்தக்கட்டி வந்து அடைச்சிருக்கணும். நாங்க ஆஞ்சியோ பாக்கறதுக்குள்ள அது கரைஞ்சு போயிருக்கும். இப்படி ஆகறது உண்டு. பொம்பளைங்களுக்கு இன்னும் அதிகமா ஆகுது. வலியும் நெஞ்சுலயே வரணும்னு இல்ல. தாடை, முதுகு, வாந்தி, இப்படியும் வரும்."

"இது எப்போ செத்துச்சு?"

"அன்னிக்குத்தாங்க."

"அன்னிக்குன்னா… சோடா குட்ச்சாளே, அப்பவா?"

டாக்டருக்கு சோடா விவகாரம் தெரியாது. ஷாலு சொன்னாள். உமைமா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "எந்த நிமிஷம்னு படத்துல தெரியாதுங்க. சீக்கிரம் வந்தா எப்பவுமே நல்லது. ஆனா பாருங்க, எவ்வளவு கறுப்பா இருக்கு. இவ்வளவும் உயிரோட இருக்கு. மாத்திரைய ஒழுங்கா போட்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகினா நல்லா இருப்பாங்க. அண்டா மட்டும் இப்போ தூக்க வேண்டாம்."

தாயம்மா அப்போதுதான் பேசினாள்.

"அப்போ நான் பொய் சொல்லல."

"இல்லம்மா" என்றார் டாக்டர்.

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் ஷாலு நினைத்தாள். முந்தானையை எடுத்தபோது முகம் தெளிந்து இருந்தது, பாரத்தை இறக்கி வைத்தவள் போல.

அன்றைக்குச் சாயங்காலமே நீலமேகம் அக்காவுக்குப் போன் செய்தான். "அக்கா, தாயிக்கு வந்தது ஆர்ட்டு அட்டாக். படத்துல நானே பாத்தேன். நானும் நீயுமா கேஸு, பயம்னு சொல்லிகினு திரிஞ்சோம்." அக்கா ஏதோ சொல்ல வந்ததை வெட்டி, "நீ மொதல்ல அவகிட்ட பேசு" என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டான். படியில் விசாரித்தவர்களிடம் சொன்னான். மார்க்கெட்டில் சாப்பிட வந்த ஒவ்வொருவனிடமும் சொன்னான். தாடை இழுத்தால் சோடா குடிக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று கேட்காதவர்களுக்கும் சொன்னான். "போதும் நீலமேகம், குழம்பு ஆறுது" என்று சௌக்கத் அலி சொல்லும்வரை சொன்னான்.

கடை நிற்கவில்லை. தாயம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உப்பும் புளியும் சொல்வாள். லோடுமேன் பீம்ராவ்தான் இப்போது கஞ்சி வடிக்கிறான். இரும்புக் கம்பிக் கட்டைத் தோளில் தூக்குகிறவன் சோற்று அண்டாவுக்குப் பயந்தான். முதல் நாள் பாதிச் சோறு கஞ்சியோடு போயிற்று. "இன்னாக்கா இது, கம்பிய உட பேஜாரா கீது" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டில்தான் சிக்கல். நீலமேகம் அவளை ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடவில்லை. துணி துவைத்தான், சொட்டச் சொட்டக் காயப்போட்டான். மாத்திரை நேரத்துக்கு எதிரில் வந்து நின்று விழுங்குகிறவரைக்கும் பார்த்தான். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு திட்டை எதிர்பார்த்து நிற்கிறவன் போல இருந்தான். அவள் திட்டவில்லை. திட்டாதது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் காசிமேட்டுக்குப் போனார்கள். தினமும் நடக்க வேண்டிய நடையை அன்றைக்குக் கடலோரமாக நடக்கலாம் என்றாள் அவள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அலை தடுக்கும் பாறைகளை ஒட்டிய சாலையில் நடந்தார்கள். ஐஸ் வண்டிகள் தண்ணீர் ஒழுக ஒழுகப் போயின. மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளோடு ஷேர் ஆட்டோவுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். தாயம்மா நின்று மூச்சு வாங்கினாள். அவனும் உடனே நின்றான்.

"தாயி, என்ன ஒரு வார்த்த திட்டிடேன்."

"இன்னாத்துக்கு?"

"உனக்கே தெரியும்."

அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.

"உன்ன இன்னான்னு திட்றது? அது கேஸு இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சொல்ற?"

"எனக்கு இன்னாமோ ஆவப் போவுதுன்னு நல்லா தெரிஞ்சிச்சு. சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். உன் மூஞ்சிய பாத்தேன். எனக்கு மேல நீ வேர்த்துகினு கீற. இவன் தாங்க மாட்டான்னு தோணிச்சு. அதான் நீ குடுத்தத குட்ச்சேன், ஏப்பமும் உட்டேன். வரிசைல நின்னவனுக்கெல்லாம் சோறும் போட்டேன்."

துறைமுகத்துக்கு உள்ளே போகிற விசைப்படகு ஒன்று இரைந்துகொண்டு போனது. நீலமேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் அதைப் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

"இத பாருய்யா" என்றாள் பிறகு. "இனிமே எனக்கு நோவுன்னா நோவுதுன்னுதான் சொல்லுவேன். உனக்கு பயமா இருந்தா நீ பயந்துக்கோ."

"சரி தாயி."

"வாய்ல சரின்னா பத்தாது."

"பயந்துக்கறேன்."

அவள் எழுந்தாள். அவன் கை கொடுக்க வந்தான். வேண்டாம் என்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் நெத்திலி வாங்கலாமென்று முன்னால் நடந்தாள்.